கட்டி போன பிறகு கணக்கு வகுப்பு: மூளைக் கட்டிச் சிகிச்சை முடித்த குழந்தைகளின் படிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. சிறுமூளையில் வந்த கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்து, ஆறு வாரம் 'கரண்டு' (கதிர்வீச்சு) வைத்து, அதன்பின் மாதக்கணக்கில் கீமோவும் முடித்துப் பள்ளிக்குத் திரும்பியிருந்தாள். கணக்கு டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் அவள் நோட்டில் 'கொடுக்கப்பட்டவை' என்ற ஒரே ஒரு சொல் ஏறியிருந்தது. அதற்குள் டஸ்டர் வந்துவிட்டது. அன்று மாலை அதே கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். போட்டுவிட்டாள். பதினைந்து நிமிடம் ஆனது, விடை சரி.

நான் சிறப்பாசிரியர், மருத்துவர் அல்ல. மருந்து, அளவு, ஸ்கேன் பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரோடுதான் பேச வேண்டும். பெற்றோரும் சக ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, ஆராய்ச்சிகளைப் படித்தும் பிள்ளைகளோடு உட்கார்ந்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கட்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

பெரும்பாலும் மெடுல்லோபிளாஸ்டோமா. குழந்தைகளுக்கு வரும் வீரியமான மூளைக் கட்டிகளில் இதுதான் அதிகம். பிடரிக்கு உள்ளே, சிறுமூளையில் வளர்கிறது. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, பிறகு நடையில் தள்ளாட்டம். வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பிரிட்டனில் 2011இல் இந்த அறிகுறிகளைப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் எடுத்துச் சொல்ல 'ஹெட்ஸ்மார்ட்' என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அறிகுறி தோன்றியதிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கும் வரையான காலம் அங்கே ஏறக்குறைய 14 வாரத்திலிருந்து 7 வாரத்துக்கும் கீழே இறங்கியது.

பெரியவர்களுக்கு வரும் கிளியோபிளாஸ்டோமாவும் இதுவும் ஒன்றல்ல. இணையத்தில் அதைத் தேடிப் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே பெயருள்ள நோய்தானே? ஒருவருக்கு ஒரு சிகிச்சை, இன்னொருவருக்கு வேறு என்று ஏன் சொல்கிறார்கள்?

பெயர்தான் ஒன்று, நோய் நான்கு. மரபணுக்களின் செயல்பாட்டை வைத்து இதை நான்கு குழுக்களாகப் பிரிப்பது என்று ஆராய்ச்சியாளர்கள் ஒத்துக்கொண்ட அறிக்கை 2012இல் வெளிவந்தது. வின்ட், சோனிக் ஹெட்ஜ்ஹாக், மூன்றாம் குழு, நான்காம் குழு. (சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்பது வீடியோ கேமில் வரும் முள்ளெலியின் பெயர்தான். அந்த மரபணுவைக் கண்டறிந்தவர்கள் விளையாட்டாக வைத்தது, இன்று குழந்தையின் பயாப்சி அறிக்கையில் வந்து நிற்கிறது.)

பிறப்பிடமும் வேறுவேறு. சோனிக் ஹெட்ஜ்ஹாக் வகை, சிறுமூளையின் வெளி அடுக்கில் பெருகும் இளம் நரம்பணுக்களிலிருந்து வருகிறது. வின்ட் வகை மூளைத்தண்டின் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று 2010இல் காட்டினார்கள். மூன்றாம், நான்காம் குழுக்களின் வேர், கருவில் சிறுமூளை உருவாகும்போது இருக்கும் 'ரோம்பிக் உதடு' என்ற இடத்தில் இருப்பதாக 2022இல் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய 6,900 கோடி சிறுமூளையில்தான் உள்ளன. இத்தனை அணுக்கள் அவசர அவசரமாகப் பெருகவேண்டிய இடத்தில், பெருக்கத்தை நிறுத்தும் கட்டளை ஓரிடத்தில் தவறினால் கட்டி. கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டோம், என்ன பார்த்தோம் என்று தன்னையே நொந்துகொள்ளும் தாய்மார்களுக்கு இதை நான் முதலில் சொல்வதுண்டு.

பள்ளிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. வின்ட் வகையில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள். ஆகவே அவர்களுக்குக் கதிர்வீச்சைக் குறைக்கலாமா என்று ஆராய்கிறார்கள். மூன்றாம் குழுவில் சில கட்டிகள் கடுமையானவை. அங்கே குறைக்கத் துணிவதில்லை. எந்தக் குழு என்பது, ஐந்தாண்டு கழித்து அந்தப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கும் வேகத்தையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

சிகிச்சை முடித்து வந்தபோது நன்றாகப் படித்தான். இரண்டு வருடம் கழித்து மதிப்பெண் இறங்குகிறது. நோய் திரும்பிவிட்டதா?

அந்தச் சந்தேகத்தை மருத்துவரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் பார்த்தவரை, பெரும்பாலும் ஸ்கேன் சுத்தமாகவே இருக்கும். இந்தக் கேள்விக்கு 2001இல் வந்த ஓர் ஆய்வு நல்ல விடை சொன்னது. மெடுல்லோபிளாஸ்டோமாவுக்குச் சிகிச்சை பெற்ற 44 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தார்கள். நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) சராசரியாக ஆண்டுக்கு 2.55 புள்ளி இறங்கியது. கேட்டதும் வயிற்றைக் கலக்கும் எண்தான். ஆனால் அந்த ஈவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்க்கவேண்டும். அது சம வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத் தரும் எண். ஒப்பிடாமல், பிள்ளை சரியாகச் சொன்ன விடைகளை மட்டும் எண்ணிப் பார்த்தபோது அந்த எண்ணிக்கை ஆண்டுக்காண்டு கூடியே வந்திருந்தது. கற்றது எதுவும் அழியவில்லை. புதிதாகக் கற்கும் வேகம்தான், மற்ற பிள்ளைகளுடையதில் பாதி முதல் ஐந்தில் மூன்று பங்கு வரை இருந்தது.

திண்டிவனம் போகும் இரண்டு பேருந்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விரைவுப் பேருந்து, மற்றது எல்லா நிறுத்தத்திலும் நிற்பது. இரண்டுமே முன்னால்தான் போகின்றன. மணிக்கு மணி இடைவெளி கூடுகிறது. விரைவுப் பேருந்தின் ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்குப் பின்னது பின்னோக்கிப் போவதுபோல் தோன்றும். ரேங்க் கார்டு அந்த ஜன்னல்.

எனவே "முன்பு தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டாள்" என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால், தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள்.

கதிர்வீச்சு மூளைக்குள் என்னதான் செய்கிறது? கட்டி சிறுமூளையில்தானே இருந்தது?

கட்டி ஓரிடத்தில் இருந்தாலும், அதன் அணுக்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீரில் கலந்து எங்கும் போய் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் மூளை முழுவதற்கும் தண்டுவடத்துக்கும் கதிர்வீச்சு தருகிறார்கள். பரவாத நிலையில் வழக்கமான அளவு 23.4 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு), பரவியிருந்தால் 36 கிரே. கட்டி இருந்த பகுதிக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்து மொத்தம் 54 கிரே வரை கொண்டுபோகிறார்கள். பிழைக்க வைப்பது இதுதான். பிறகு வகுப்பறையில் வேகத்தைக் குறைப்பதும் இதுதான்.

இரண்டு இடத்தில் அடி விழுகிறது. முதலாவது வெண்பொருள். நரம்பிழைகளைச் சுற்றி மின்கம்பிக்கு ரப்பர் போட்டதுபோல மயலின் என்ற உறை உண்டு. செய்தி வேகமாக ஓடுவதற்கு அது தேவை. உறையைச் செய்யும் இளம் அணுக்கள் கதிர்வீச்சில் மடிகின்றன. குழந்தைப் பருவமோ உறை போடும் வேலை மும்முரமாக நடக்கும் காலம். இருந்த உறை கெடுவதோடு, இனிமேல் போடவேண்டிய உறையும் நின்றுபோகிறது. வயது குறையக் குறையப் பாதிப்பு கூடுவதற்கும், அது உடனே தெரியாமல் ஆண்டுகள் கழித்துத் தெரிவதற்கும் காரணம் இது.

இரண்டாவது ஹிப்போகாம்பஸ், புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதி. அங்கே பிறந்தபிறகும் புதிய நரம்பணுக்கள் உருவாகின்றன. மிஷெல் மோஞ்சே என்ற ஆய்வாளர், ஸ்டான்ஃபோர்டில் இளம் ஆராய்ச்சியாளராக இருந்த காலத்தில், 2002, 2003ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட எலி ஆய்வுகள் இதில் திருப்புமுனை. கதிர்வீச்சுக்குப் பிறகு புதிய நரம்பணுக்களின் பிறப்பு ஏறக்குறைய நின்றுபோகிறது. அணுக்கள் செத்ததைவிட, அவற்றைச் சுற்றியிருக்கும் இடம் அழற்சியால் கெட்டுப்போனது பெரிய காரணம். அழற்சியைத் தணிக்கும் இன்டோமெத்தசின் என்ற பழைய வலிநிவாரணியைக் கொடுத்தபோது எலிகளில் நரம்பணுப் பிறப்பு ஓரளவு மீண்டது. அது எலி. குழந்தைக்கு அந்த மாத்திரையை வாங்கிக் கொடுக்க யாரும் கிளம்பவேண்டாம். அதில் உள்ள செய்தி வேறு: மண் கெட்டிருக்கிறது, விதை முழுக்கச் சாகவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகள் பலவும் இந்த இடத்திலிருந்து கிளம்பியவை.

வகுப்பில் இது மூன்று விதமாகத் தெரியும்: கையும் மூளையும் மெதுவாக வேலை செய்வது, கவனம் நழுவுவது, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விஷயங்களை மனத்தில் வைத்திருக்க முடியாமல் போவது. "நோட்டை எடு, தேதி போடு, 47ஆம் பக்கத்தில் மூன்றாவது கணக்கு" என்று ஒரே மூச்சில் சொன்னால் அந்தப் பிள்ளை தேதியோடு நின்றுவிடும்.

அப்படியானால் கதிர்வீச்சைக் குறைத்துக் கொடுத்தால் என்ன?

முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், 3 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு 23.4க்குப் பதில் 18 கிரே கொடுத்தார்கள். 2021இல் முடிவு வந்தது: குறைத்துக் கொடுத்தவர்களில் நோய் திரும்புவது கூடியிருந்தது. அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது. கூடுதல் கதிர்வீச்சைப் பின்மூளை முழுவதற்கும் கொடுக்காமல், கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும், பலன் குறையவில்லை. 3 வயதுக்குக் கீழே என்றால் முடிந்தவரை கீமோவை வைத்தே சமாளித்துக் கதிர்வீச்சைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ பார்க்கிறார்கள்.

புரோட்டான் சிகிச்சை என்றால் படிப்பு பாதிக்காதா?

குறைவாகப் பாதிக்கும் என்று சொல்ல ஆதாரம் உண்டு. புரோட்டான் கதிர் குறித்த ஆழத்தில் நின்றுவிடுவதால், அதற்கு அப்பால் உள்ள நல்ல திசுக்கள் தப்புகின்றன. 2020இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில், புரோட்டான் பெற்ற மெடுல்லோபிளாஸ்டோமா குழந்தைகளின் நுண்ணறிவு, வழக்கமான கதிர்வீச்சு பெற்றவர்களுடையதைவிட நிலையாக இருந்தது. வேகம் மட்டும் இரு தரப்பிலும் பலவீனமாகவே இருந்தது. சென்னை தரமணியில் 2019 முதல் இந்த வசதி இருக்கிறது, செலவு அதிகம். முழுத் தலைக்கும் கொடுக்கவேண்டியிருக்கும்போது புரோட்டானாலும் மூளையைத் தப்பவைக்க முடியாது என்பதையும் சேர்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வீட்டை விற்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி இது.

மூளை வேலை செய்தால் கட்டி வளரும் என்று படித்தேன். பிள்ளையைப் படிக்கவிடலாமா?

ஒரு தந்தை, மகனுடைய பாடப்புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டார். பையன் நான்கு மாதம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவர் படித்தது பொய்யில்லை. படித்ததிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

உண்மையில் நடந்தது இது. 2015இல் மோஞ்சேயின் குழு, மனிதக் கட்டியிலிருந்து எடுத்த கிளியோமா (இன்னொரு வகை மூளைக் கட்டி) அணுக்களை எலி மூளையில் வளர்த்து, ஒளியால் நரம்பணுக்களைத் தூண்டியது. கட்டி வேகமாக வளர்ந்தது. நரம்பணுக்கள் வேலை செய்யும்போது வெளிவரும் நியூரோலிஜின்-3 என்ற புரதம் அதற்கு ஒரு காரணம் என்று கண்டார்கள். 2019இல் ஸ்டான்ஃபோர்டும் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கும் தனித்தனியாக இன்னொன்றைக் காட்டின: கிளியோமா அணுக்கள் நரம்பணுக்களோடு நேரடியாகவே இணைப்புப் போட்டுக்கொள்கின்றன. நரம்பணுக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் லைனில் கட்டியும் கள்ளத்தனமாக இணைப்புக் கொடுத்துக்கொள்கிறது. கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது மாதிரி. 2021இல், பார்வை நரம்பில் கட்டி வரும்படி மரபணு மாற்றிய எலிகளைக் குறிப்பிட்ட பருவத்தில் இருட்டில் வளர்த்தபோது கட்டி உருவாகவில்லை.

அதற்காக எந்த மருத்துவரும் குழந்தையை இருட்டறையில் வைக்கச் சொல்லவில்லை. மூளை தூங்கும்போதும் கனவு காணும்போதும் அழும்போதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. புத்தகத்தை மூடினால் அணைந்துபோகும் விளக்கல்ல அது. இந்த ஆய்வுகளின் பயன், அந்தக் கள்ள இணைப்பை மருந்தால் துண்டிப்பது. வலிப்புக்குத் தரும் மருந்துகளை அதற்காகச் சோதித்து வருகிறார்கள். தவிர, இவை கிளியோமா பற்றியவை. அந்தப் பையனுக்கு இருந்தது மெடுல்லோபிளாஸ்டோமா. படித்த குழந்தைக்குக் கட்டி அதிகம் வளர்ந்தது என்று காட்டும் ஆய்வு எதுவும் இல்லை. பெட்டியை இறக்கச் சொன்னேன். இறக்கினார், முதலில் காமிக்ஸ், பிறகு சமூக அறிவியல், கடைசியாகத்தான் கணக்கு.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சே வரவில்லை. பிடிவாதமா?

இல்லை. சிறுமூளை அறுவைக்குப் பின் ஓரிரு நாளில் பேச்சு நின்றுபோவது, மெடுல்லோபிளாஸ்டோமா குழந்தைகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு நடக்கிறது. வாரங்களோ மாதங்களோ நீடித்துப் பிறகு பேச்சு திரும்புகிறது. திரும்பிய பேச்சு இழுவையாக இருக்கலாம். இப்படி அமைதியாகிப்போன பிள்ளைகளுக்குப் பின்னாளில் படிப்பிலும் சிரமம் கூடுதலாக இருப்பதால், பள்ளிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வாய்மொழித் தேர்வில் விடை வர பத்து நொடி ஆகும். பதினொன்றாவது நொடியில் "உட்கார்" என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. கவனக் குறைவா?

முதலில் காதைச் சோதியுங்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து உள்காதின் மயிரணுக்களைக் கொல்கிறது, அதுவும் உச்ச ஒலிகளைக் கேட்கும் அணுக்களை முதலில். கதவு சாத்தும் சத்தம் கேட்கும். ச, ஷ, ஃப போன்ற ஒலிகள் கரைந்துவிடும். பிள்ளைக்குக் காது கேட்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். டிக்டேஷனில்தான் வண்டவாளம் தெரியும். சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்து இந்தச் சேதத்தைக் குறைக்கிறது. பரவாத கட்டிகளுக்காக 2022இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. கீமோ முடிந்த பிள்ளைக்கு இது உதவாது, காது கேட்கும் கருவி உதவும்.

மூளைப் பயிற்சி, மாத்திரை, உடற்பயிற்சி: எது பலன் தரும்?

கணினிப் பயிற்சிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனை, மூளைக் கட்டியிலிருந்தும் ரத்தப் புற்றுநோயிலிருந்தும் மீண்ட 68 பிள்ளைகளை வைத்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலிருந்தே செய்த 25 அமர்வுகள் செயல் நினைவையும் (வேலை செய்யும்போதே விஷயங்களை மனத்தில் வைத்திருக்கும் திறன்) வேகத்தையும் கூட்டின. அந்தப் பலன் கணக்குப் பரீட்சை வரை வந்து சேருமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அதற்கு முன் 2008இல், 161 பிள்ளைகளோடு ஆசிரியர் நேரில் உட்கார்ந்து, எப்படிப் படிப்பது, எப்படிக் கவனத்தைத் திருப்பிக் கொண்டுவருவது என்று உத்திகளைச் சொல்லிக்கொடுத்த ஆய்வில், நரம்பியல் சோதனைகளில் பெரிய மாற்றம் இல்லை; ஆனால் பாடத் திறன் கூடியது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. ஆசிரியர் தொழிலில் இருப்பவள் வேறு எப்படிச் சொல்வேன்?

கவனக் குறைபாட்டுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து சில பிள்ளைகளுக்குக் கவனத்தைக் கூட்டுகிறது. மருத்துவர் முடிவு. நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினைக் கனடாவின் டொரன்டோவில் 24 பேரிடம் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். பாதுகாப்பாக இருந்தது, நினைவாற்றலில் சிறு முன்னேற்றத்தின் அறிகுறி தெரிந்தது. 24 பேரை வைத்துச் செய்த முன்னோட்டம் அது. தாத்தாவின் மாத்திரை டப்பாவைத் தொடவேண்டாம்.

அதே டொரன்டோ குழு, கதிர்வீச்சு பெற்ற பிள்ளைகளை 12 வாரம் ஓடவும் விளையாடவும் வைத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. வெண்பொருள் மேம்பட்டிருந்தது. நம் பள்ளிகளிலோ இந்தப் பிள்ளைகளைத்தான் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்காரவைத்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் வைக்கிறோம். மருத்துவர் தடுக்காதவரை ஓடவிடுங்கள்.

பொதுத்தேர்வில் சலுகை கிடைக்குமா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் 'மூளைக் கட்டி' என்று தனியாக இல்லை. ஆனால் கட்டியும் சிகிச்சையும் விட்டுச்சென்ற காது கேளாமை, பார்வைக் குறைவு, கை கால் இயக்கக் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியவை இருக்கின்றன. எது பொருந்துகிறதோ அதற்குச் சான்றிதழ் வாங்குங்கள். சொல்வதை எழுதுபவர் உதவியோடு தேர்வெழுதுவோருக்கு, மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல்; மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். பத்தாம் வகுப்பில் விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்காமல் எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். ஓர் அலுவலகத்தில் அதன் நகலை மூன்று முறை வாங்கி மூன்று முறையும் தொலைத்தார்கள்.

அதே வகுப்பில் இன்னொரு வருடம் போடலாமா?

அவசரப்படாதீர்கள். ஒரு வருடம் கூடுதலாக உட்கார்ந்தால் வேகம் கூடிவிடப் போவதில்லை. நண்பர்கள் மட்டும் மேலே போய்விடுவார்கள். தலைமுடி இல்லாமல் திரும்பிவரும் பிள்ளைக்கு இருக்கும் ஒரே பிடிமானம் அவர்கள்தான். பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு கொடுங்கள், எல்லா வகையிலும் ஒன்று இருக்கும்படி. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதை அடியோடு விட்டுவிட்டுத் தாளில் கொடுங்கள். இதைச் செய்தும் பாடம் எட்டவில்லை என்றால் அப்போது பேசலாம்.

மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றுமா? செல்போனால் வந்ததா?

தொற்றாது. செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கேட்டு வாங்கிய 2024ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

திங்கட்கிழமை ஒரு பிள்ளை என் வகுப்புக்கு வருகிறது. முதலில் என்ன செய்ய?

பெற்றோரிடம் ஒன்று கேளுங்கள்: தலையில் 'ஷன்ட்' இருக்கிறதா? மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்குள் வடியவிடும் மெல்லிய குழாய் அது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் தடவினால் தெரியும். இருந்தால், அது அடைத்துக்கொள்ளும் நாளில் பிள்ளை தலைவலி என்று சொல்லும், வாந்தி எடுக்கும், பிறகு தூங்கி வழியும். களைப்பு என்று நினைத்து ஓய்வறையில் படுக்கவைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பாதீர்கள். பெற்றோரை அழையுங்கள், அவர்கள் எடுக்கவில்லை என்றால் 108. அந்த இரண்டு எண்களையும் வருகைப் பதிவேட்டின் உள் அட்டையில் எழுதிவையுங்கள், நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் வரும் ஆசிரியர் கண்ணில் படும்படி.